மீண்டும் சுழலும் சிம்லா பீட்

'சிம்லா பீட் 70', 'சிம்லா பீட் 71' ஆகிய இரண்டும் இந்திய ராக் இசையின் தொடக்க காலத்தைப் பதிவு செய்த அரிய இசைத்தட்டுகள். இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் தன் சிம்லா சிகரெட்டை விளம்பரப்படுத்த அகில இந்திய அளவில் இசைக்குழுப் போட்டிகளை நடத்தியது. அவற்றில் தேர்வான குழுக்களின் பாடல்களே இத்தட்டுகளில் இடம்பெற்றன. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ், சென்னையின் கன்ஃபியூஷன்ஸ் போன்ற குழுக்கள் இவற்றில் வாசித்தன.

இத்தட்டுகளில் ஒலிக்கும் ராக் இசையின் அடையாளம் 'ஃபஸ்' எனப்படும் கரகரப்பு. கிதாரின் மின்னலையை அளவுக்கு மீறிப் பெருக்கும்போது அலையின் முகடுகள் வெட்டுப்படுகின்றன. சேற்றில் புரள்வது போன்ற கனத்த ஒலி பிறக்கிறது.

பல பத்தாண்டுகளுக்குப் பின் வெளிநாட்டுச் சிறு நிறுவனங்கள் இந்த இரு இசைத்தட்டுகளையும் மறுபதிப்பாக வெளியிட்டன. பழைய தட்டு ஒன்றை மறுபதிப்பு செய்ய, முதலில் மூல ஒலிநாடா தேடப்படும். அது கிடைக்காவிட்டால், தேய்மானம் குறைந்த பழைய தட்டிலிருந்து ஒலி எடுக்கப்பட்டு, கீறல் சத்தம் நீக்கப்படும். பிறகு அரக்குப் பூச்சுள்ள தட்டில் ஊசியால் பள்ளங்கள் வெட்டப்படும். அதன்மேல் நிக்கல் படியவைத்து அச்சு உருவாக்கப்படும். சூடாக்கிய பி.வி.சி. அந்த அச்சுகளுக்கிடையே அழுத்தப்பட்டுப் புதிய தட்டாகிறது.