எக்ஸ்டென்ஷன் வயர் யார் கொண்டுவருவது?

செப்டெம்பர் மாதம், மூன்றாவது சனிக்கிழமை. கலண்டரில் அந்தத் திகதிக்குச் சிவப்பு நிறம் கிடையாது. அதற்கென்று வங்கி மூடாது, பள்ளிக்கூடம் தனி விடுமுறை தராது. ஆனாலும் அன்று உலகத்தில் எங்கோ ஒரு மண்டபத்தில் யாரோ கன்னம் வலிக்கப் பலூன் ஊதிக்கொண்டிருப்பார். பக்கத்தில் இன்னொருவர் பழைய லெப்டொப் ஒன்றைத் திறந்துவைத்து F2 விசையையும் F12 விசையையும் மாறி மாறி அமுக்கிக்கொண்டிருப்பார். இருவருக்கும் சம்பளம் இல்லை, மேலாளர் இல்லை. அங்கே நடப்பது மென்பொருள் விடுதலை நாள். யாரும் பார்த்துவிட்டு மாற்றி எழுதி மற்றவருக்கும் கொடுக்கலாம் என்ற உரிமையோடு வரும் கட்டற்ற மென்பொருளுக்கு எடுக்கும் ஊர்த் திருவிழா.

இதன் பிறப்பே ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மாட் ஓக்விஸ்ட் என்பவர், தன் ஊர்க் கண்காட்சியில் கட்டற்ற மென்பொருள் நிரம்பிய சீடிகளை வருவோர் போவோருக்குக் கொடுக்கலாமென்று நினைத்தார். அவ்வளவுதான் ஆசை. அந்தச் சீடியைத் தயாரித்துவந்த 'தி ஓப்பன் சீடி' திட்டத்திடம் உதவி கேட்டார். அங்கிருந்த ஹென்ரிக் ஓம்மா, "ஒரு கண்காட்சி எதற்கு, உலகம் முழுக்கச் செய்வோமே" என்ற பாணியில் யோசனை சொல்லிவிட்டார். ஃபில் ஹார்ப்பரும் சேர்ந்துகொண்டார். 2004 ஓகஸ்ட் 28ஆம் திகதி முதல் விழா நடந்தது. கலந்துகொண்டவை ஏறக்குறைய பன்னிரண்டு குழுக்கள். அடுத்த ஆண்டு செப்டெம்பர் 10க்கு நகர்ந்து, 2006 முதல் மூன்றாவது சனிக்கிழமையில் குந்திவிட்டது.

இனித் திரையை விலக்கிப் பார்ப்போம். மத்தியக் குழு என்று ஒன்று இருக்கிறதே, அது என்னதான் செய்கிறது? நான் எட்டிப்பார்த்தவரை, வெட்கப்படும் அளவுக்குக் குறைவாகவே செய்கிறது. ஒரு திகதியைச் சொல்கிறது. உலக வரைபடம் ஒன்றை விரித்து, பதிவுசெய்யும் ஊருக்கெல்லாம் ஒரு புள்ளி வைக்கிறது. நல்ல காலங்களில், முந்திப் பதிந்தவர்களுக்கு டீ சேர்ட், ஸ்டிக்கர், பலூன், சீடி அடங்கிய ஒரு பொதியை அனுப்பிவந்தது. அந்தப் பொதிக்கு உபுண்டு லினக்ஸ் இயங்குதளத்தை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் நெடுநாள் தோள் கொடுத்தது. சிறந்த விழாவுக்குப் போட்டியும் வைத்தார்கள். அதற்குப் பிறகு மத்தியக் குழு தேநீர் குடிக்கப் போய்விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மண்டபம், பேச்சாளர், நேரம், மொழி, வடை எல்லாம் அந்தந்த ஊர்க்காரர் பாடு.

நம் கோயில் திருவிழாவில் உபயம் பிடிப்பவர்களை நினைத்தால் இது சட்டென்று பிடிபடும். கொடியேற்றமும் தீர்த்தமும் எந்த நாள் என்பதைத் தேவஸ்தானம் சொல்லும். நாலாம் திருவிழாவுக்கு யார் மேளம், எந்தக் கடையில் பூ, பிரசாதத்துக்குக் கடலையா பொங்கலா என்பது உபயகாரர் தலையிடி. ஐந்தாம் திருவிழாக்காரர் நாலாம் திருவிழாவைப் பார்த்து மேளத்தை இரட்டிப்பாக்குவார். அந்தப் போட்டியில்தான் திருவிழாவே களைகட்டும்.

இதற்கு நேர் எதிர் டெட்எக்ஸ். 2009இல் தொடங்கிய அதுவும் ஊர்க்காரர்களே தனித்தனியாக நடத்தும் நிகழ்ச்சிதான். ஆனால் உரிமம் எடுக்க வேண்டும், பேச்சு 18 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, பெயர்ப் பலகை எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக்கூட விதி உண்டு. அதனால் எந்த நாட்டில் பார்த்தாலும் ஒரே முகம். மென்பொருள் விடுதலை நாளுக்கு அந்த முகவெட்டு இல்லை. சென்னையில் கணியம் அறக்கட்டளையைச் சுற்றியுள்ளவர்கள் நடத்துவது ஒரு மாதிரி, விழுப்புரத்து லினக்ஸ் பயனர் குழு நடத்துவது இன்னொரு மாதிரி. எனக்கு இந்தக் கலைந்த தலைதான் பிடித்திருக்கிறது. அதற்கு விலையும் உண்டு. 2010இல் ஆயிரம் குழுக்களைத் தாண்டும் என்று அமைப்பாளர்கள் எதிர்பார்த்தார்கள். நானூறு சொச்சத்தில் நின்றது. யாரையும் கட்டாயப்படுத்த முடியாத விழாவில் வராதவரிடம் போய் விளக்கம் கேட்கவும் முடியாதே.

சரி, இதை மாத்தளை மாவட்டத்துக்கு இறக்கினால் என்ன ஆகும்? நினைத்தாலே எனக்குக் கை துறுதுறுக்கிறது. பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள். வடக்கே தம்புள்ளை, தெற்கே உக்குவளை, கிழக்கே மலைக்குள் ஒளிந்திருக்கும் லக்கலை. எல்லாரையும் ஒரே மண்டபத்துக்கு இழுத்தால் லக்கலைப் பிள்ளை விடிய முன் பஸ் ஏறி, மாத்தளையில் இறங்கும்போது பசியிலேயே பாதி விழாவை முடித்துவிடும். ஆகவே ஊருக்கொரு விழா. ஒன்றுக்கொன்று சொந்தம், ஆனால் ஒன்றின் சொல்லை மற்றது கேட்க வேண்டியதில்லை.

முதல் சண்டை திகதிக்கு. மூன்றாவது சனிக்கிழமை என்றால் 15 முதல் 21க்குள் விழும். புரட்டாதி பிறப்பது ஏறக்குறைய 17இல். அப்படியென்றால் பெரும்பாலான ஆண்டுகளில் இந்த விழாவும் முதலாவது புரட்டாதிச் சனியும் ஒரே நாள்! காலையில் எள்ளெண்ணெய் விளக்கேற்றப் போன குடும்பங்கள் பத்தரைக்கு முன் வரப்போவதில்லை. சாப்பாடும் சைவம்தான், அதில் பேச்சே கிடையாது. நியூ ஹாம்ப்ஷயர்க்காரர் கனவிலும் சனீஸ்வரனைக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார். அது மட்டுமா? 2024இல் அந்த மூன்றாவது சனி செப்டெம்பர் 21. இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல் நாள். மண்டபம் கேட்கலாமென்று நினைக்கும் பள்ளிக்கூடங்களெல்லாம் வாக்குச்சாவடி, இரவானதும் ஊரடங்கு. அப்படிப்பட்ட வருடத்தில் ஒரு கிழமை தள்ளி நடத்தினால் உலகம் இடிந்துவிடாது. வரைபடத்துப் புள்ளி கோபித்துக்கொள்வதில்லை.

இரண்டாவது சண்டை போஸ்டருக்கு. மூன்று மொழியிலும் அடிக்க வேண்டும். உற்சாகமாக ஒரு பிள்ளை யுனிகோட் தமிழில் அழகாக வடிவமைத்துக் கொண்டுபோகும். அச்சகத்தில் கணினி முன்னால் இருப்பவரோ யுனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் கைபழகியவர். கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகத் தெரியும், அல்லது கொம்பு ஒருபக்கமும் எழுத்து மறுபக்கமுமாக நிற்கும். "தம்பி, இத பாமினில அடிச்சுக் கொண்டாங்க" என்பார். இந்த விழாவை ஏன் நடத்துகிறோம் என்பதற்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. நான் அமைப்பாளராக இருந்தால் அந்த அச்சகக்காரரையே பேச்சாளராகக் கூப்பிடுவேன்.

விசைப்பலகை மேசையிலும் கைகலப்புக்கு வாய்ப்புண்டு. இலங்கையின் தரநிர்ணயம் எஸ்எல்எஸ் 1326 தமிழுக்கு ஏற்றுக்கொண்டது ரெங்கநாதன் விசைப்பலகை, தட்டச்சுப் பொறி வழி வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வரும் பாடக்குறிப்பெல்லாம் தமிழ்99 பேசும். பிள்ளைகள் கைபேசியில் 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டியே வளர்ந்தவர்கள். மூன்றையும் ஒரு கணினியில் போட்டு, யார் வேகம் என்று பந்தயம் வைத்துவிடலாம். லினக்ஸில் மூன்றையும் சேர்த்துக்கொள்ள ஒரு சதம் செலவில்லை.

இப்போது விழாவின் வயிற்றுக்குள் போவோம்: வருவோர் கணினியில் லினக்ஸ் நிறுவும் மேசை. 2004இல் ஒரு சீடி 700 மெகாபைட்டுக்குள் அடங்கியது. கனோனிக்கல் தபாலில் இலவசமாக உபுண்டு சீடி அனுப்பிய காலமும் இருந்தது, 2011இல் நிறுத்தினார்கள். இன்றைக்கு உபுண்டு 24.04 டெஸ்க்டொப் கோப்பு ஒன்றே ஏறத்தாழ 6 கிகாபைட். இருபது பேர் தத்தம் டேட்டா பேக்கேஜில் இறக்கத் தொடங்கினால் பதினோரு மணிக்கே ரீலோட் கடையில் வரிசை நிற்கும். ஆகவே முதல் நாள் இரவே ஒருவர் ஒருமுறை இறக்கி, பத்துப் பென் ட்ரைவில் ஏற்றி, விழா நடக்கும் எல்லா ஊருக்கும் பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும். கண்டி வீதியில் போகும் கண்டக்டர் நம் வலையமைப்பின் முதுகெலும்பாகிவிடுவார். யாருடைய ஹார்ட் டிஸ்க்கையும் தொடும் முன், கல்யாணப் போட்டோக்களைப் பத்திரப்படுத்திவிட்டீர்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. இதில் நான் கறார். அழித்த பிறகு அழுபவரைத் தேற்ற எந்தக் கட்டற்ற மென்பொருளும் இல்லை.

மின்சாரம் தனிக் காவியம். மண்டபத்தில் இருக்கும் இரண்டு பிளக்கில் ஒன்று மேடைக்குப் பின்னால் இருக்கும், மற்றது சுழலாத மின்விசிறிக்கு. பேச்சாளரைப் பற்றி ஒரு கூட்டம் போட்டால் எக்ஸ்டென்ஷன் வயரைப் பற்றி மூன்று கூட்டம் போடுவார்கள். யாரும் முன்வராவிட்டால் கடைசியில் அந்தப் பொறுப்பு பந்தல்காரர் தலையில் விழும்.

ஊருக்கு ஊர் சரக்கு வேறாக இருப்பதுதான் ருசி. தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையத்தைச் சுற்றி லொறிகள் இரவுபகலாக ஓடும். அங்கே கவிதை போல ஒரு உரை நிகழ்த்தினால் ஒருவரும் நிற்க மாட்டார். லிப்ரே ஆபிஸ் விரிதாளில் கரட், போஞ்சி, லீக்ஸ் விலையை ஏற்றி, நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசத்தைக் காட்டினால் வியாபாரி கணக்குக் கொப்பியை மூடிவிட்டு எட்டிப்பார்ப்பார். எல்கடுவ, இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் சிக்னல் மலைச்சரிவைப் பார்த்து வரும், போகும். அங்கே இணையம் தேவைப்படாத, பிள்ளைகள் நிரலெழுதப் பழகும் ஸ்கிராட்ச் விளையாட்டுகள், நூலகம் நிறுவனம் 2005 முதல் மின்வடிவில் சேர்த்துவரும் ஈழத்து நூல்களில் சிலவற்றை முன்கூட்டியே இறக்கிய ஒரு கணினி. அரசின் நெனசல கணினி அறிவகங்கள் கோயில்களிலும் விகாரைகளிலும் அமைந்த வரலாறு இருப்பதால் இடம் கேட்கப் போகும் முகவரியும் நமக்குப் புதிதல்ல. மாத்தளை நகரத்தில் பேச்சு மேசை. அங்கே சஹானாவின் கதையை யாராவது கட்டாயம் சொல்ல வேண்டும். 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பின், காணாமற்போனவர்களையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் சில வாரங்களில் எழுதிய கட்டற்ற மென்பொருள் அது. அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் கைகொடுத்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதும் வாங்கியது. எங்கள் நாட்டுச் சரக்கு ஐயா, கொஞ்சம் சத்தமாகச் சொல்லலாம்.

அலுவிகாரைக்காரருக்கும் ஒரு மேசை கொடுக்காவிட்டால் சண்டை வரும். பொதுயுகத்துக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வாய்வழியாக வந்த திரிபிடகம் பஞ்சத்திலும் போரிலும் அழிந்துவிடுமே என்று பயந்து பிக்குகள் அதை ஓலையில் எழுதியது அங்கேதான். நகலெடுப்பதன் அருமையை லினக்ஸ்காரர் வந்து அந்த ஊருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறாராக்கும்!

செப்டெம்பர் மாதமும் இந்தக் கூட்டத்துக்கு ராசியானது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு வித்திட்ட குனு திட்டத்தை ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்தது 1983 செப்டெம்பர் 27. தமிழ் விக்கிப்பீடியா தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது 2003 செப்டெம்பர் 30. விழா ஒருநாளில் முடியாமல் இழுபட்டால், இந்த இரண்டில் ஒன்றைச் சாக்குச் சொல்லி இன்னொரு பிளேன்டீ போடலாம்.

அப்புறம் எந்தப் போஸ்டரிலும் வராத வேலை: விழா முடிந்தபின் கணக்கு. எல்லா ஊரிலிருந்தும் போட்டோ வாங்க வேண்டும். தம்புள்ளைக்காரர் நாற்பது அனுப்புவார், அத்தனையும் வாழைப்பழத் தாருக்கு முன்னால். இரத்தோட்டைக்காரர் ஒன்றுதான் அனுப்புவார், அதிலும் விரல் மறைத்திருக்கும். எத்தனை கணினியில் லினக்ஸ் ஏறியது, எத்தனை பேர் மறுநாளே பழையதுக்குத் திரும்பினார்கள் என்று இரண்டாவது எண்ணிக்கையையும் கேட்டு வாங்க வேண்டும். எல்லாரும் முதலாவதை மட்டும் அனுப்பப் பார்ப்பார்கள். விடக் கூடாது.

2026இல் மூன்றாவது சனிக்கிழமை செப்டெம்பர் 19. கடற்கொள்ளையர் போலப் பேசும் நாள் என்று வெளிநாட்டில் சிலர் விளையாட்டாகக் கொண்டாடுவதும் அதே 19தான். களவாக நகலெடுத்த மென்பொருள் சீடிகள் முன்பு எங்கள் ஊர்க் கடைகளில் தொங்கிய அழகை அறிந்தவர்களுக்கு அந்தப் பொருத்தம் நன்றாகவே புரியும். மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதென்றால் ஜூலையிலேயே கட்டிவிடுங்கள். வேறு யாராவது முந்திவிடுவார்கள்.