முதல் நட்சத்திரமும் ஓர் எலெக்ட்ரானும்

நட்சத்திரங்கள் எப்படித் தோன்றின என்று கேட்டால், வாயு மேகங்கள் தம் பாரத்தினாலேயே சுருங்கிச் சூடேறி ஒளிவிடத் தொடங்கின என்று பள்ளிப் பிள்ளைகளும் விடை சொல்லிவிடுவார்கள். ஆனால் இந்த விடைக்குள்ளே ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. சுருங்கும் வாயு சூடேறும். சூடேறிய வாயு விரிய முயலும். அந்தச் சூட்டை வெளியே கழிக்க வழியில்லாவிடில் சுருக்கம் பாதியிலேயே நின்றுபோகும். ஆகவே, நட்சத்திரம் எரிய வேண்டுமானால் அதைப் பெற்றெடுக்கும் மேகம் முதலில் குளிர்ந்தாக வேண்டும்!

இன்றைய மேகங்களில் கார்பன், ஆக்ஸிஜன், தூசி முதலியவை கலந்திருப்பதால் குளிர்ச்சிக்குக் குறைவில்லை. 1,300 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட அந்த ஆதிகாலத்திலோ, ஏறக்குறைய எல்லாம் ஹைட்ரஜனும் ஹீலியமுமே. தனித்தனியே நிற்கும் ஹைட்ரஜன் அணுக்களுக்குச் சுமார் 10,000 டிகிரிக்குக் கீழே வெப்பத்தை வெளிவிடும் திறமை கிடையாது. இரண்டிரண்டாகக் கூடி மூலக்கூறாக ஆனால்தான் மேகம் சில நூறு டிகிரி வரையில் குளிர முடியும்.

கூடுவதில் என்ன கஷ்டம் என்று வாசகர்கள் கேட்கலாம். அணுக்கள் சேரும்போது மிஞ்சும் சக்தியை எங்கேயாவது கழித்துவிட வேண்டும். இல்லையேல் சேர்ந்த வேகத்திலேயே பிரிந்துவிடும். இரண்டும் ஒரே இனத்து அணுக்களாதலால், அச்சக்தியை ஒளியாக உமிழ்வதும் அநேகமாக நடவாத காரியம்.

இங்கேதான் அயனி உதவிக்கு வருகிறது. எலெக்ட்ரான் கூடியோ குறைந்தோ மின்னேற்றம் பெற்ற அணுவுக்கு அயனி என்று பெயர். ஓர் எலெக்ட்ரானை மிகையாகப் பெற்ற ஹைட்ரஜன் அயனி, சாதாரண ஹைட்ரஜன் அணுவோடு மோதினால் இரண்டும் மூலக்கூறாக இணைகின்றன. மிகையான எலெக்ட்ரானோ, மிஞ்சிய சக்தியைச் சுமந்துகொண்டு வெளியேறிவிடுகிறது. கல்யாணத்தை முடித்துவைத்துவிட்டு விடைபெற்றுச் செல்லும் தரகரைப் போல!

இந்த அயனி நம்மவருக்கு அந்நியமானதன்று. சென்னைப் பிரஸிடென்ஸி கல்லூரியில் பயின்ற எஸ். சந்திரசேகர், அதன் மிகை எலெக்ட்ரான் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது என்பதை 1944-ம் ஆண்டில் ஆராய்ந்து கணக்கிட்டார். அந்தப் பிணைப்பு மிகவும் மெல்லியது. அணு தன் சொந்த எலெக்ட்ரானைப் பற்றியிருக்கும் பிடியில் பதினெட்டில் ஒரு பங்குதான். அடுத்த ஆண்டுகளில், சூரியனின் புறவெளியில் ஒளியை விழுங்குவது பெரும்பாலும் இந்த அயனியே என்பதையும் அவருடைய கணக்குகள் நிலைநாட்ட உதவின.

அணுவும் அயனியும் எவ்வளவு விரைவாக இணைகின்றன என்பதே அடுத்த கேள்வி. அமெரிக்காவில் போல்டர் நகரத்து விஞ்ஞானிகள் 1967-ல் சாதாரண அறை வெப்பத்தில் அதை அளந்தார்கள். ஆயினும் பின்னர் வந்த அளவுகளும் கணக்குகளும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. ஏறக்குறைய பத்து மடங்கு வரையில் வேறுபாடு இருந்தது. இந்த ஓர் எண் ஐயத்துக்கிடமானால், ஆதி மேகம் எத்தனை காலத்தில் குளிர்ந்தது, முதல் நட்சத்திரங்கள் எவ்வளவு பெரியவை என்ற கணக்கெல்லாம் ஆட்டம் கண்டுவிடும்.

நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேனியல் சாவின், ஹோல்கர் க்ரெக்கெல் முதலியோர் இந்த ஐயத்தைத் தீர்க்க முற்பட்டனர். அணுவையும் அயனியையும் எதிரெதிரே மோதவிட்டால் வேகம் மிதமிஞ்சிப் போகும். ஆதலால் இரண்டையும் ஒரே திசையில் ஓடவிட்டார்கள். ஒரே வேகத்தில் பக்கத்துப் பக்கத்துப் பாதையில் செல்லும் இரு ரயில்களில் இருப்பவர்கள் சாவதானமாகக் கைகுலுக்கிக்கொள்ளலாம் அல்லவா? அதே யுக்திதான்.

முதலில் நொடிக்குச் சுமார் 1,400 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் அயனிக் கற்றையைச் செலுத்தினார்கள். அதன்மேல் லேஸர் ஒளியைப் பாய்ச்சியதும் ஒரு பகுதி அயனிகள் தம் மிகை எலெக்ட்ரானை இழந்து சாதாரண அணுக்களாயின. அவ்விடத்தில் மின்னழுத்தத்தைச் சிறிது ஏற்றி இறக்கியதால், அணுக்களின் வேகத்துக்கும் அயனிகளின் வேகத்துக்கும் இடையேயுள்ள வித்தியாசத்தை வேண்டியபடி அமைக்க முடிந்தது. பிறந்த மூலக்கூறுக்கு ஓர் அணுவைப்போல் இருமடங்கு சக்தி உண்டாகையால், அதைத் தனியே பிரித்து எண்ணினார்கள். மீதி வாயுவினால் ஏற்படும் பொய்க் கணக்கை நீக்குவதற்காக, கற்றைகளை மாறி மாறி நிறுத்தியும் ஓடவிட்டும் பார்த்தார்கள்.

முடிவு 2010-ம் ஆண்டு ஜூலையில் வெளிவந்தது. ப்ராக் நகரத்துக் கணித விஞ்ஞானிகள் கடுதாசியில் கண்டிருந்த விடையும், இவர்கள் எண்ணிக் கண்ட விடையும் ஒத்திருந்தன. 2012-ல் வேறொரு குழுவினர், அயனிகளை மின்பொறியில் அடைத்துக் கடுங்குளிரில் அளந்தபோதும் அந்த விடை உறுதிப்பட்டது.

ஆதி மேகங்கள் கலைந்து எத்தனையோ யுகங்கள் ஆயின. அவற்றை எவரும் சோதனைச்சாலைக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் ஹைட்ரஜன் அன்றும் இன்றும் ஒன்றே. இன்று ஓர் அணு நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுமையோடும் நேர்மையோடும் அளந்தவர்கள், முதல் நட்சத்திரத்தின் ஜாதகத்திலிருந்த ஒரு பெரும் பிழைக்கு இடமில்லாமல் செய்துவிட்டார்கள்.