வில் சாயாமலிருக்க ஓர் அலுமினியப் பட்டை

அமெரிக்கக் காடுகளில் மான் வேட்டைக்குப் பயன்படும் காம்பவுண்ட் வில், வெறும் வில்லாக இருக்கும்வரை கையில் நேராகவே நிற்கும். குறிநோக்கியும் அம்பறாத்தூணியும் ஏறிய பிறகுதான் சாயத் தொடங்கும். இடக்கையால் வில் பிடிப்பவருக்கு இவை இரண்டும் வலப்பக்கம் அமைகின்றன. முன்னால் நீளும் ஸ்டெபிலைசர் தண்டோ வில்லை முன்னோக்கிக் கவிழ்க்கப் பார்க்கிறது. இரண்டையும் வேட்டைக்காரர் மணிக்கட்டை முறுக்கிச் சமாளிக்கிறார். நாண் விடுபடும் கணத்தில் அந்த முறுக்கே வில்லைத் திருப்பிவிடுகிறது. பின்பக்கம், இடப்புறமாக இன்னொரு தண்டைப் பொருத்தினால் கைக்கு இந்த வேலை இருக்காது. அதைத் தாங்கும் பிடிமானத்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இயற்பியல் அதற்கு விலையுயர்ந்த பொருள் எதையும் கேட்பதில்லை.

குறிநோக்கியும் அம்புகளும் சேர்ந்து 600 கிராம், அவற்றின் ஈர்ப்பு மையம் வில்லின் நடுக்கோட்டிலிருந்து 6 செ.மீ. வலப்பக்கம் என்று கொள்வோம். திருப்புத்திறன் 3,600 கிராம்-செ.மீ. இடப்பக்கம் 12 செ.மீ. தள்ளி 300 கிராம் வைத்தாலும், 20 செ.மீ. தள்ளி 180 கிராம் வைத்தாலும் இது ஈடாகிவிடும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சுழற்சியை எதிர்க்கும் நிலைமத் திருப்புத்திறன் தூரத்தின் வர்க்கத்தோடு பெருகுவதால், எடை குறைந்த இரண்டாவது அமைப்பே மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாக எதிர்க்கிறது. கழைக்கூத்தாடி நீளமான கோலை ஏந்துவதும் இதனால்தான். நாண் அம்பைத் தள்ளி முடிக்க ஏறத்தாழ 12 மில்லி விநாடிதான் ஆகிறது. மனிதக் கை எதிர்வினை காட்டவோ 200 மில்லி விநாடி வேண்டும். அந்த இடைவெளியில் வில்லைக் காப்பது நிலைமம் மட்டுமே.

ஆக, பிடிமானத்தின் வேலை எடையைத் தூரத்தில் அசையாமல் நிறுத்துவது. வில்லில் புதுத் துளை போடக் கூடாது. துளையின் விளிம்பில் தகைவு குவிந்து சட்டம் விரிசல் விடலாம். முன் ஸ்டெபிலைசருக்கென்று 5/16 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 புரிகளும் கொண்ட துளை ஏற்கெனவே இருக்கிறது. துளையிட்ட அலுமினியப் பட்டை ஒன்றை அந்தத் தண்டுக்கும் வில்லுக்கும் இடையே வைத்து இறுக்கி, பக்கவாட்டில் வளைத்துப் பின்னே கொண்டுபோகலாம். 3 மி.மீ. பட்டைக்குப் பதில் 6 மி.மீ. பட்டை எடுத்தால் விறைப்பு எட்டு மடங்காகும். ஒற்றைத் திருகில் பட்டை சுழலும் என்ற ஆட்சேபம் நியாயமானதே; பட்டையின் ஓரத்தை வில்லின் சட்டத்தில் அணைத்து நிற்கும்படி மடித்தால் சுழற்சி நின்றுவிடும். நாணும் கேபிளும் எந்த நிலையிலும் பட்டையைத் தொடக் கூடாது.

காட்டில் சுமக்கும் வில்லுக்கு மேலும் எடையா, வேட்டையில் எய்வதே கிட்டத்திலிருந்துதானே என்பார்கள். விநாடிக்கு 85 மீட்டர் வேகத்தில் செல்லும் அம்பு 20 மீட்டர் தூரத்துக்குள் சுமார் 27 செ.மீ. இறங்குகிறது, வில் 3 பாகை சாய்ந்திருந்தால் பக்கவாட்டு விலகல் ஒன்றரை செ.மீ.கூட இல்லை. அந்தத் தூரத்தில் அவர்கள் சொல்வது சரி. 40 மீட்டரில் இறக்கமும் விலகலும் நான்கு மடங்காகின்றன. விலகல் 5 செ.மீ.க்கு மேல் போகும். மானின் இதயமும் நுரையீரலும் உள்ள இலக்கு சுமார் 20 செ.மீ. அகலமே. கைநடுக்கமும் சேர்ந்தால், சாகாமல் காயத்தோடு ஓடும் விலங்குதான் மிச்சம். எடை எவ்வளவு என்பதை வில்லே சொல்லும்: கண்ணை மூடி நாணை இழுத்து, பின் திறந்து குறிநோக்கியின் ரசமட்டத்தைப் பார்க்க வேண்டும். குமிழ் நடுவில் நின்றால் அங்கேயே நிறுத்தலாம். அதற்குமேல் ஏற்றும் ஒவ்வொரு கிராமும் தோளுக்குத்தான் சுமை.