‘பந்தைப் பாத்து ஆடுடா’ என்று திட்டும் முன்

காரைக்கால், கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் என்று எந்தத் திடலில் சாயங்காலம் நின்றாலும் இந்தத் திட்டு காதில் விழும்: “பந்தைப் பாத்து ஆடுடா!” பையன் பீட்டன் ஆகியிருப்பான். பயிற்சியாளர் கால் வைக்கும் விதத்தைத் திருத்துவார். அப்பா புது பேட் வாங்கித் தருவார். பந்து தெரிகிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் “தெரியுது” என்றுதான் பதில் வரும். சிறு வயதிலிருந்தே மங்கலாகப் பார்ப்பவனுக்கு அந்த மங்கல்தான் தெளிவு.

பந்தைப் பார்க்கப் பழக்கலாம், மறுக்கவில்லை. கிரிக்கெட் பேட்ஸ்மேன்களின் கண்ணசைவை லேண்ட், மெக்லியாட் என்ற இருவர் ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார்கள். நல்ல ஆட்டக்காரர் பந்தைக் கடைசிவரை விடாமல் தொடர்வதில்லை. கையிலிருந்து பந்து கிளம்புவதைப் பார்க்கிறார், அது குத்தப்போகும் இடத்துக்குக் கண்ணை முன்கூட்டியே தாவ விடுகிறார், அங்கிருந்து மறுபடி பிடிக்கிறார். பேஸ்பாலிலும் கடைசிச் சில அடிகளில் பந்தைக் கண்ணால் தொடர முடியாது. ஆகவே பந்துவீசும் கையைப் பார்க்கச் சொல்லுங்கள். டென்னிஸ் பந்துகளில் வெவ்வேறு வண்ணப் புள்ளி வைத்து, வரும்போதே வண்ணத்தைச் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் பவர் உள்ள கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இந்தப் பயிற்சியெல்லாம் வீண்.

உடனே யாராவது இந்திய கிரிக்கெட் வீரர் பட்டோடியை இழுப்பார்கள். 1961இல் கார் விபத்தில் வலது கண் பார்வையைப் பறிகொடுத்தவர், 1962 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 அடித்தாரே என்று. அவர் இருபது வயதுவரை இரண்டு கண்ணோடு ஆடிப் பழகியவர், ஐயா. உங்கள் பிள்ளைக்குச் சோம்பேறிக் கண் (சிறு வயதிலேயே ஒரு கண் சரியாகப் பார்க்கப் பழகாமல் போவது) இருந்தால் கதையே வேறு. ஏழெட்டு வயதுக்குள் பிடித்தால் நன்றாகத் தேறும். தள்ளிப்போடப் போட, தேறுவது கடினம்.

வீட்டில் ஒரு சோதனை. ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, எதிர்ச்சுவர்க் காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள். விரலால் மூடினால் இடுக்கு வழியே பார்த்துவிடுவான். பிறகு மறு கண். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக் கேட்பது சோதனையே இல்லை. பள்ளிக்கு வரும் குழுவினர் சிலரும் அவசரத்தில் இப்படித்தான் செய்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போகிறார்கள்.

சந்தேகம் வந்தால் காரைக்கால் அரசு பொது மருத்துவமனையின் கண் பிரிவு. புதுச்சேரிப் பக்கம் போகிறவர்களுக்குத் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை. சின்னப் பிள்ளைக்கு அட்ரோபின் ஆயின்ட்மென்ட் கொடுத்து, சில நாள் வீட்டில் போட்டுவிட்டுத் திரும்ப வரச் சொல்வார்கள். அந்த நாட்களில் கிட்டத்தில் படிக்க முடியாது, வெயில் கூசும். எனவே பரீட்சை வாரத்தில் வேண்டாம். முகம் சிவந்து காய்ச்சல் கண்டால் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: மருந்தைப் போடுகிறார்கள், மறுபடி போவதில்லை. இரண்டாவது வருகையில்தான் சரியான பவர் தெரியும். மறுபடி போங்கள்.

கண்ணாடிச் சீட்டில் ஒவ்வொரு கண்ணின் பவரும், சிலிண்டர் இருந்தால் அதன் ஆக்சிஸும் எழுதியிருக்கிறதா பாருங்கள். ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆடுகிற பிள்ளைக்குப் பாலிகார்பனேட் லென்ஸ் கேளுங்கள். உடைந்தால் சில்லாகும் கண்ணாடி லென்ஸ் கூடவே கூடாது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம்) என்ற சிறார் நலத் திட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. பவர் உள்ள மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் வருகிறது. குழு வரவில்லையா? பெயர் எழுதிய பட்டியல் எங்கோ அலமாரியில் தூங்குகிறதா? தலைமையாசிரியருக்கு எழுதுங்கள், நகலை நலவழித்துறை துணை இயக்குநருக்குக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். நாகூர் மாமா வீட்டில் தமிழ்நாட்டுத் திட்டத்தில் கொடுக்கிறார்களாம் என்று அலையாதீர்கள். காரைக்கால் பள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டியது புதுச்சேரி அரசுதான்.

கண்ணில் பந்து பட்டால் அதே நாள், அதே மணி மருத்துவமனை. தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள், தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடாதீர்கள். உள்ளே கசிந்த ரத்தம் வெளியே தெரியாமலும் இருக்கலாம், வலி அடங்கிய பிறகு இரண்டாம் முறையும் கசியலாம். 2000இல் டாக்காவில் விக்கெட் கீப்பர் சபா கரீமுக்கும் 2012இல் டான்டனில் விக்கெட் கீப்பர் மார்க் பவுச்சருக்கும் கண்ணில் பட்ட அடி, கிரிக்கெட் வாழ்க்கையையே முடக்கியது. அவசரப் பிரிவில் “பந்து பட்டது” என்றே விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளரைக் காப்பாற்ற “விழுந்துட்டான்” என்று சொன்னால் பிறகு காப்பீடும் கேட்க முடியாது. இன்னொன்று: மறு கண் நன்றாக இருந்தால், ஒரு கண் முழுக்கப் போனாலும் அரசுக் கணக்கில் ஊனம் 30 சதவீதம்தான். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 வேண்டும்.

மெடிக்கலில் வாங்கும் சொட்டு மருந்தைப் பற்றியும் சொல்கிறேன். மண்ணில் ஆடி அரிக்கும் கண்ணுக்கு, சீட்டில்லாமல் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி மாதக்கணக்கில் விடுகிறார்கள். அரிப்பு நிற்கும், கண் அழுத்தம் ஏறி நரம்பு கெடுவது கடைசியில்தான் தெரியும். போன முறை எழுதிய சீட்டைக் காட்டி வாங்குவதும் இதே தப்புதான். வளரும் பிள்ளைக்குப் பவரும் மாறும். ஆண்டுக்கு ஒருமுறையாவது பழைய கண்ணாடி, பழைய சீட்டு இரண்டையும் கையோடு எடுத்துக்கொண்டு கண் பிரிவுக்குப் போங்கள்.