இணைய முகவரியின் தூய்மையும் நிலைபேறும்

ஆய்வுக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் இணைய முகவரிகள் இடம்பெறுவது இன்று வழக்கமாகிவிட்டது. நூலகம் தன் அலுமாரிகளை இடம்மாற்றினாலும் அச்சு நூலின் பெயரும் ஆண்டும் மாறுவதில்லை. இணையப் பக்கத்தின் நிலை அவ்வாறன்று. தளத்தை நடத்துவோர் மென்பொருளை மாற்றியதும் முகவரி மாறிவிடுகின்றது. அடிக்குறிப்பு பயனற்றுப் போகின்றது. எனவே இதனைத் தொழில்நுட்பவியலாளருக்கு மட்டும் உரியதாகவன்றி, அறிவைப் பொதுமக்கள் சென்றடையும் வழி பற்றிய பிரச்சினையாகவே நாம் கருதுகின்றோம்.

முகவரியில் நிரலின் பெயர், அதன் விகுதி, வினாக்குறி, தரவுத்தள எண் ஆகியன கலந்திருப்பின் அது வாசகருக்கு எதனையும் உணர்த்துவதில்லை. தளத்தின் உள்ளமைப்பையே வெளிக்காட்டுகின்றது. உள்ளமைப்போ மாறுந் தன்மையது. வலையை உருவாக்கிய ரிம் பேர்னேர்ஸ்-லீ 1998 இல் எழுதிய கட்டுரையொன்றில், நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்றும், கோப்பு விகுதி, மென்பொருட் பொறிமுறை போன்றவற்றை முகவரியிலிருந்து விலக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

பக்கங்களை அனுப்பிவைக்கும் நிரலாகிய வழங்கியிலேயே இதற்கான வழி உண்டு. அப்பாச்சி வழங்கிக்கென ரால்ப் எங்கெல்ஷால் 1996 இல் எழுதிய 'மொட் ரீரைட்' என்னும் கூறு, வந்த முகவரியை விதிகளின்படி மாற்றியமைக்கின்றது. இங்கு இரு செயல்களை வேறுபடுத்தி நோக்குதல் அவசியமாகும். மீளெழுதுதல் வழங்கியினுள்ளேயே நிகழ்வது. வாசகர் காணும் முகவரி மாறாது. திசைதிருப்புதலோ புதிய முகவரிக்குச் செல்லுமாறு வாசகரின் உலாவிக்கு அறிவிப்பதாகும்.

தூய முகவரிக்கான அடிப்படை விதி எளியது. கேட்கப்பட்ட பெயரில் உண்மையான கோப்போ கோப்புறையோ இருப்பின் அதனையே அனுப்புக. இல்லையெனின் வேண்டுகோளைத் தளத்தின் மைய நிரலிடம் ஒப்படைக்க. முதற்பகுதியாகிய நிபந்தனை விடுபடின் படங்களுக்கும் பாணித்தாள்களுக்குமான வேண்டுகோள்களும் மைய நிரலுக்கே சென்று, பக்கம் உருக்குலையும்.

பல தளங்களைத் தாங்கும் பொது வழங்கியில் அதிகாரம் பற்றிய வினாவும் எழுகின்றது. முதன்மை அமைப்புக்கோப்பு வழங்கியின் நிருவாகியின் கையிலேயே இருக்கும். தள உரிமையாளர் தமது கோப்புறையில் விதிகளை எழுதினும், நிருவாகி 'அலவ்ஓவர்றைட்' என்னும் கட்டளையால் அனுமதி வழங்கினாலன்றி அவை செயற்படா. அனுமதிக்கும் ஒரு விலை உண்டு: ஒவ்வொரு வேண்டுகோளின்போதும் கோப்புறைகள்தோறும் விதிக்கோப்பு உளதா என வழங்கி தேட நேரிடும். ஆயினும் சிறு சஞ்சிகைகளும் சங்கங்களும் தம் முகவரிகளைத் தாமே ஆள்வதற்கு இவ்விலை பெரிதன்று என்பதே எமது கருத்து.

ஏற்கெனவே மேற்கோள் காட்டப்பட்ட பழைய முகவரிகளைக் கைவிடலாகாது. அவற்றை 301 என்னும் நிரந்தரத் திசைதிருப்புதல் மூலம் புதியனவற்றுடன் இணைத்தல் வேண்டும். எண்ணைக் குறிப்பிடாவிடின் அப்பாச்சி 302 என்னும் தற்காலிக விடையையே அனுப்பும். அன்றியும், உள்ளே மீளெழுதப்பட்ட முகவரியை மீண்டும் வெளியே திசைதிருப்பும் வகையில் விதிகள் அமையின் முடிவற்ற சுழற்சி ஏற்படும். வாசகர் முதலில் அனுப்பிய வேண்டுகோளை மட்டுமே சோதிக்கும் நிபந்தனையால் இதனைத் தவிர்க்கலாம்.

தமிழ் முகவரிகள் தனிக் கவனத்துக்குரியன. ஒருங்குறியின் யூ.ரி.எப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளாகின்றது. பைட்டு ஒவ்வொன்றும் சதவீதக்குறியுடன் 3 எழுத்துக்களாக விரிகின்றது. 'யாழ்ப்பாணம்' என்னும் சொல்லில் 11 குறிகள் உள. எனவே அது 99 எழுத்துக்களாக நீள்கின்றது. திரையில் தூய தமிழாகத் தோன்றுவது அடிக்குறிப்பிற் படியெடுக்கப்படும்போது படிக்கவொண்ணாச் சரமாகிவிடலாம். இதற்காகத் தமிழைத் துறக்க வேண்டியதில்லை. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் மின்னூலகம் ஆவணங்களுக்கு எண்கள் வழங்குகின்றது. அத்தகைய மாறாத எண்ணைக் கொண்ட குறுமுகவரியை அடிக்குறிப்புக்கு அளித்து, அதனைத் தமிழ் முகவரிக்குத் திசைதிருப்புதல் தக்க வழியாகும்.

விதிகள் சில வரிகளே. அவற்றை எழுதுதல் கடினமன்று. மென்பொருள் மாறுந்தோறும் அவ்வரிகளையும் உடன்கொண்டு செல்லும் பொறுப்புணர்வே கடினமானது. அப்பொறுப்பைத் தளத்தை நடத்தும் நிறுவனம் ஏற்காதவிடத்து, அதன் விளைவை அடிக்குறிப்பைத் தொடர்ந்து சென்று வெறும் 404 அறிவித்தலைக் காணும் வாசகரே அனுபவிக்கின்றார்.