தீர்ந்துபோன செல்லை எங்கே போடுவது?

டார்ச் விளக்கின் ஒளி மங்கினால் பேட்டரிக் கட்டைகளை வெயிலில் காயவைத்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அதற்கும் உதவாதபோது அவற்றை உடைத்து, உள்ளிருக்கும் கரிக்குச்சியால் தரையில் கோடு கிழித்து விளையாடினோம். கையெல்லாம் கருப்பு மாவு. அந்நாளைய செல்கள் பலவற்றில் பாதரசமும் கலந்திருந்தது என்பது நமக்கோ நம் பெற்றோருக்கோ தெரியாது.

இன்று இன்வெர்ட்டர் பேட்டரியை யாரும் குப்பையில் போடுவதில்லை. புதியது வாங்கும்போது பழையதற்கு விலை கழித்துக் கொள்கிறார்கள். நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறதே என்று கண்டவரிடம் கொடுத்துவிடாமல், கடையிலேயே கொடுப்பது நல்லது. திறந்தவெளியில் அதை உடைத்து உருக்கும் இடங்களில், ஈயத்தூசி அங்குள்ள குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது.

யாரும் விலை கொடுக்காத சிறிய செல்கள்தாம் குப்பைத் தொட்டிக்குப் போகின்றன. கைப்பேசியின் லித்தியம் பேட்டரி குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். அப்போது அருகில் நிற்பவர், காலையில் நம் வாசலுக்கு வந்துபோன தூய்மைப் பணியாளரே. பொம்மைகளிலும் ரிமோட்டிலும் உள்ள பொத்தான் போன்ற செல் இன்னும் கொடியது. குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் வெந்து புண்ணாகிவிடும். தீர்ந்துபோன செல்லிலும் இதற்குப் போதிய மின்சாரம் மிஞ்சியிருக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. மற்ற குப்பையோடு சேர்க்காமல் பிரித்துக் கொடுப்பது நம் கடமை. பேட்டரியின்மேல் உள்ள, பெருக்கல் குறியிட்ட குப்பைத்தொட்டிப் படத்தின் பொருளும் அதுவே.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. லித்தியம், பொத்தான் செல்களின் முனைகளை டேப்பால் ஒட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைப்போம். உப்பிய பேட்டரியை மட்டும் அதில் சேர்க்கக் கூடாது. அதைக் குத்தாமல், சார்ஜ் போடாமல், தனியாக வைத்து விரைவில் கைப்பேசி சர்வீஸ் சென்டரில் ஒப்படைப்போம். மற்றவற்றை மின்னணுக் கழிவு பெறும் மையங்களில் கொடுக்கலாம். நாலைந்து செல்லுக்காக யார் அவ்வளவு தூரம் போவது என்று தோன்றும், உண்மைதான். ஆகவே அன்பியத்துக்கு ஒரு டப்பா வைத்து, நிறைந்ததும் ஒருவர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாம்.