எண்ணைச் சொன்னால் ஸ்வரத்தைச் சொல்லும் கருவி!

440 என்ற எண்ணுக்கு ஒரு குரல் உண்டு. தெரியுமா?

இணையத்தில் சில கருவிகள் இருக்கின்றன. அவற்றில் 440 என்று எழுதினால், மறு நொடியே "ஏ" என்று பதில் வரும். "ஏ" என்பது மேல்நாட்டு இசையில் ஒரு ஸ்வரத்தின் பெயர். நம் ஊர் ஆர்மோனியக் கணக்கில் அது 6 கட்டை.

எண்ணை எழுதக்கூட வேண்டாம். கைப்பேசியின் முன்னால் பாடினால் போதும். அதுவே குரலை அளந்து, ஸ்வரத்தின் பெயரைச் சொல்லும் வசதியும் உண்டு.

அது எப்படிச் சொல்கிறது? அது சொல்வதை அப்படியே நம்பலாமா?

வட்டிக்கு வட்டி!

வீணைக் கம்பியை மீட்டினால் கம்பி துடிக்கிறது. அந்தத் துடிப்பு காற்றை அசைக்கிறது. அசைந்த காற்று காதைத் தொடுகிறது. அதைத்தான் ஒலி என்கிறோம்.

ஒரு வினாடியில் 440 முறை துடித்தால், அது 440 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் என்பது ஒரு ஜெர்மன் விஞ்ஞானியின் பெயர்.

துடிப்பு கூடினால் சுருதி ஏறும். துடிப்பு இரண்டு மடங்கானால், அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். கீழே உள்ள "ச" 200 என்றால், மேலே உள்ள "ச" 400.

இந்த இடைவெளியைப் பியானோவில் 12 படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் துடிப்பு ஏறக்குறைய 100க்கு 6 வீதம் ஏறும்.

"12 முறை ஏறினால் 72தானே? எப்படி இரண்டு மடங்காகும்?" என்று கேட்கலாம். இது வட்டிக்கு வட்டி போடும் கணக்கு! ஏறியதன் மேல் மீண்டும் ஏறுவதால், 12வது படியில் இரண்டு மடங்காகிவிடுகிறது.

ஒரு படிக்கு 100 சென்ட். நிலத்தில் 100 சென்ட் ஒரு ஏக்கர். இசையில் 100 சென்ட் ஒரு படி! கருவியில் 450 என்று எழுதினால், "ஏ, 39 சென்ட் அதிகம்" என்று காட்டும்.

மேதை தவறு செய்தாரா?

1711ம் ஆண்டில் ஜான் ஷோர் என்ற இங்கிலாந்து வாத்தியக்காரர் இசைக்கவையைக் கண்டுபிடித்தார். இரண்டு கிளை உள்ள இரும்புக் கவை அது. தட்டினால் எப்போதும் ஒரே சுருதியில் ஒலிக்கும்.

லண்டனில் வாழ்ந்த இசை மேதை ஹாண்டலிடமும் ஒரு கவை இருந்தது. அதன் துடிப்பு 422.5. அவருக்கு அதுதான் "ஏ".

இன்றைய கருவியில் 422.5 என்று எழுதினால் என்ன வரும்? "ஏ" வராது. அதற்கு ஒரு படி கீழே உள்ள "ஜி ஷார்ப்" வரும். அதாவது, 6 கட்டை 5½ கட்டை ஆகிவிடும்!

ஹாண்டலும் தவறு செய்யவில்லை. கருவியும் தவறு செய்யவில்லை. துடிப்பின் எண்ணிக்கை இயற்கையில் உள்ளது. அதற்குப் பெயர் வைத்தவன் மனிதன். அந்தப் பெயர் காலத்துக்குக் காலம் இடம் மாறியது.

தொண்டைக்கு வந்த ஆபத்து

19ம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் வாத்திய கோஷ்டிகள் சுருதியை ஏற்றிக்கொண்டே போயின. ஏற்றினால் இசை எடுப்பாக இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். வாத்தியக்காரர் கம்பியை முறுக்கிவிடுவார். பாடகர் தொண்டையை முறுக்க முடியுமா? பாடுகிறவர்கள் திண்டாடினார்கள்.

பிரெஞ்சு அரசாங்கம் 1858ம் ஆண்டில் ஒரு குழு அமைத்தது. புகழ்பெற்ற இசை மேதைகள் ரொசீனி, பெர்லியோஸ் ஆகியோர் அதில் இருந்தார்கள். பாரிஸ் ஆப்பராவில் அப்போது "ஏ" 448 வரை ஏறியிருந்தது. "இனிமேல் 435தான்" என்று 1859ல் உத்தரவு பிறந்தது.

பிறகு 1939ல் லண்டனில் சர்வதேச மாநாடு கூடியது. இங்கிலாந்தில் அப்போது 439 வழக்கில் இருந்தது. ஆனால் 439 வேறு எந்த எண்ணாலும் வகுபடாத எண். வானொலி நிலையத்தில் அதை உண்டாக்குவது கடினம். 440 சுலபம். வினாடிக்கு 10 லட்சம் முறை துடிக்கும் ஒரு படிகக்கல்லை எடுத்து, அந்த எண்ணை 1,000ஆல் வகுத்து, 11ஆல் பெருக்கி, 25ஆல் வகுத்தார்கள். 440 கிடைத்தது! மாநாடும் 440ஐயே ஏற்றது.

இன்றும் 442, 443 என்று வைத்துக்கொள்ளும் கோஷ்டிகள் ஐரோப்பாவில் உண்டு. அதனால்தான் பல கருவிகளில் 440 என்ற எண்ணை மாற்றிக்கொள்ள வசதி வைத்திருக்கிறார்கள்.

நம் பாட்டுக்கு உதவுமா?

நம் கர்நாடக இசையில் "ச" ஓர் இடத்தில் நிற்பதில்லை. பாடுகிறவர் குரலுக்கு ஏற்ப அது மாறும்.

5 கட்டையில் பாடும் பெண்ணின் "ச" 196. அதே 196, 1 கட்டையில் பாடும் ஆணுக்கு "ப"! இரண்டுக்கும் கருவி "ஜி" என்றுதான் சொல்லும். யார் எதை "ச" என்று வைத்திருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

தம்பூராவோடு இணைத்து அந்தர காந்தாரத்தைச் சுத்தமாகப் பாடினால், "14 சென்ட் குறைவு" என்று கருவி காட்டும். அது பியானோவின் 12 படியை வைத்து அளக்கிறது. பாடியவர் மேல் குற்றம் இல்லை! கமகம் பாடினாலோ, அதன் முள் ஓரிடத்தில் நிற்காமல் தடுமாறும்.

அப்படியானால் கருவி வேண்டாமா?

வேண்டும். பாட்டுப் படிக்கும் குழந்தை, சினிமாப் பாடகியின் கட்டையிலேயே பாட முயன்று கத்தும். கீழே அதற்குக் குரல் எட்டாது. மேலே தொண்டை கட்டும். பாரிஸ் பாடகர்கள் பட்ட பாடு அதற்கு ஏன்?

குழந்தையைச் சிரமம் இல்லாமல் "ச" பாடச் சொல்லுங்கள். அது எந்தக் கட்டை என்று கருவியில் பாருங்கள். மேல் "ச"வும் கீழ் "ப"வும் எட்டுகிறதா என்று பாருங்கள். பாட்டு வாத்தியாரிடம் சொல்லுங்கள். சுருதிப் பெட்டியை அந்தக் கட்டையில் வையுங்கள்.

பிறகு கைப்பேசியைக் கீழே வைத்துவிடலாம். மீதியைக் காது பார்த்துக்கொள்ளும்!